கோழி நல்ல கோழியா? மணந்து பார்த்தால் மட்டும் போதாது

லண்டனில் எம்மவர் வீடுகளில் கிழமைக்கு இரண்டு நாளாவது கோழிக்கறிதான். ஊரில் கோழி அடிப்பதென்றால் விருந்தாளி வரவேண்டும், அல்லது நல்லநாள் பெருநாள் வரவேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். ஆட்டிறைச்சி வாங்க யோசிக்க வேண்டும், நல்ல மீன் வாங்க அதைவிட யோசிக்க வேண்டும். கையிலிருக்கும் காசுக்குப் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்கக்கூடியது கோழி ஒன்றுதான்.

ஆனால் புதிதாக வந்த குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது எப்ப வெட்டின கோழியோ? இதைச் சாப்பிடலாமோ?" நியாயமான கேள்வி. நான் சில வருடங்களாகக் கோழி வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. வேலையில் சொல்லித் தந்ததையும், இந்நாட்டு உணவுத் தர நிறுவனம் (அரசாங்கத்தின் சாப்பாட்டுப் பாதுகாப்புப் பகுதி) சொல்வதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஊரில் எப்படிப் பார்த்தோம்? காலையில் கோழி உயிரோடு முற்றத்தில் நின்றது. பத்து மணிக்கு உரித்து, பன்னிரண்டு மணிக்குச் சட்டியில் கொதித்தது. பழுதாக அதற்கு நேரமே கிடைக்கவில்லை. உயிரோடு நின்றபோது தூங்கி வழியாமல் ஓடித் திரிந்ததா என்று பார்த்தோம், அதுவே எங்கள் பரிசோதனை. சந்தையில் வாங்கினாலும் மணந்து பார்த்தால் போதும்.

இங்கே நிலைமை வேறு. கோழி வெட்டப்பட்ட நாளுக்கும் அது உங்கள் சட்டிக்கு வரும் நாளுக்கும் இடையில் பல நாட்கள் போகலாம். இடையில் அதைக் காப்பாற்றுவது குளிர் மட்டுமே. நாங்கள் வெட்டும் அறை 12 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது, இறைச்சி 4 பாகைக்கு மேல் போகக்கூடாது. இறைச்சிக்குள் கம்பி குத்திச் சூடு பார்ப்பது அங்கே ஒரு பெரிய வேலை. கூடினால் வரிசையை நிற்பாட்டிவிடுவார்கள். அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்த குளிரை, கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலும் எங்கள் குசினியிலும்தான் பெரும்பாலும் தொலைக்கிறோம்.

பழுதான கோழி வேறு, நோய் தரும் கோழி வேறு

இதுதான் முக்கியமாக விளங்கவேண்டியது. இறைச்சியைப் பழுதாக்கும் கிருமிகள் ஒரு வகை. அவை குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும். மணத்தைக் கெடுக்கும், வழுவழுப்பாக்கும், நிறத்தை மாற்றும். அவற்றை எங்கள் மூக்கும் விரலும் கண்டுபிடித்துவிடும்.

மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் இன்னொரு வகை. கம்பிலோபக்ரர், சல்மொனெல்லா என்பவை அவற்றில் முக்கியமானவை. இவை கோழியின் குடலில் இருப்பவை, கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. வெட்டித் துப்புரவாக்கும்போது இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். இவை மணக்காது, நிறம் மாற்றாது. ரோசாப்பூ நிறத்தில், ஒரு மணமும் இல்லாமல், இன்றைக்கு வந்த கோழியிலும் இவை இருக்கலாம்.

இது கட்டுக்கதை அல்ல. 2014 பெப்ரவரியிலிருந்து ஒரு வருடம் இந்நாட்டுக் கடைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட முழுக்கோழிகளை வாங்கிச் சோதித்தார்கள். 73 வீதமானவற்றில் கம்பிலோபக்ரர் இருந்தது. 19 வீதமானவற்றில் அது மிக அதிகம். பொதியின் வெளிப்பக்கத்தில்கூட 7 வீதத்தில் கிருமி இருந்தது. அதன் பிறகு கம்பனிகள் பாடுபட்டு அந்தத் தொகையைக் குறைத்தன. ஆனால் இல்லாமல் போகவில்லை. சில நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே போதும், ஆளைப் படுக்கையில் போட்டுவிடும்.

ஆகவே கோழி புதிதா என்று பார்ப்பது ஒரு வேலை. புதிதாக இருந்தாலும் அதைக் கிருமியுள்ள பொருளாகவே நினைத்துச் சமைப்பது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும்.

கடையில்

சூப்பர்மார்க்கற்றில் தட்டில் சுற்றி வைத்திருக்கும் கோழியில் முதலில் பார்க்கவேண்டியது திகதி. இரண்டு விதமான திகதி உண்டு. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது அரிசி, மா, பிஸ்கற் போன்றவற்றில் இருக்கும். அந்தத் திகதி போனால் ருசி குறையும், ஆபத்தில்லை. 'யூஸ் பை' என்பது வேறு. பச்சைக் கோழியில் இருப்பது இதுதான். இந்தத் திகதி போன பிறகு விற்பது சட்டப்படி குற்றம். மணம் நன்றாக இருந்தாலும் அதன் பிறகு சாப்பிடக்கூடாது என்பதே விதி. அந்தத் திகதியும் பொதியில் எழுதியபடி பிறிட்ஜில் வைத்தால்தான் செல்லும். சமையலறை மேசையில் அரை நாள் கிடந்த கோழிக்கு அந்தத் திகதி பேசாது.

மாலையில் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டிப் பாதி விலைக்குப் போடுவார்கள். சிலர் அதைத் தொடவே பயப்படுகிறார்கள், சிலர் நாலைந்தை வாங்கிக் குவிக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அது திகதி முடியும் நாளில் உள்ள கோழி. அன்றிரவே சமையுங்கள், அல்லது அன்றிரவே பிறீசரில் வையுங்கள். 'யூஸ் பை' நாள் முடியும் வரை உறையவைக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று பிறிட்ஜில் வைத்தால்தான் பிழை.

திகதிக்குப் பிறகு பொதியைப் பாருங்கள். கிழிந்திருக்கக்கூடாது, ஓரத்தில் நீர் கசியக்கூடாது, பலூன் மாதிரி உப்பியிருக்கக்கூடாது. தட்டுக்கு அடியில் உள்ள மெத்தை போன்ற கடதாசி கொஞ்சம் நீர் குடித்திருப்பது வழமை. தட்டிலே நீர் தேங்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். முட்டை வடிவ முத்திரை ஒன்று இருக்கும். இந்நாட்டில் பொதி செய்ததானால் 'யூகே' அல்லது 'ஜீபீ' எழுத்தும் ஒரு இலக்கமும் அதற்குள் இருக்கும். அந்த இலக்கம் தொழிற்சாலையின் இலக்கம். பிறகு பிரச்சினை வந்தால் எங்கே வெட்டிப் பொதி செய்தார்கள் என்று அதை வைத்துத்தான் பிடிப்பார்கள்.

எம்மவர் கடைகளிலும் ஹலால் இறைச்சிக் கடைகளிலும் கோழியைத் திறந்து வைத்து விற்பார்கள். திகதி தெரியாது. "அண்ணை, இது எப்ப வந்தது?" என்று கேட்டால், "இப்பதான் தங்கச்சி இறக்கினது" என்ற பதில் எந்த நாளும் தயாராக இருக்கும். அந்தப் பதிலை நம்புவதை விடக் கண்ணை நம்புங்கள். எந்த நாளில் சாமான் வருகிறது என்று இரண்டு மூன்று கிழமை கவனித்தால் தெரிந்துவிடும், அந்த நாளில் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர் காட்டும் இலக்கம் இருக்கிறதா பாருங்கள். 8 பாகைக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம், 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. வெட்டுபவர் காசை எண்ணிய கையாலேயே இறைச்சியை எடுக்கிறாரா, கோழி வெட்டிய பலகையைத் துடைக்காமல் அடுத்ததற்குப் போகிறாரா என்றும் பாருங்கள்.

கடைக் கதவில் பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 0 முதல் 5 வரை ஒரு இலக்கம். கவுன்சில் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து பார்த்துக் கொடுத்த புள்ளி அது. 5 என்றால் மிக நல்லது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இதைக் கட்டாயம் ஒட்டவேண்டும். இங்கிலாந்தில் விரும்பினால் ஒட்டலாம். ஒட்டாத கடையில் ஏன் ஒட்டவில்லை என்று கேட்பதில் தவறில்லை.

'ஹார்ட் சிக்கன்' என்று விற்பது முட்டையிட்டு முடித்த கோழி. எங்கள் நாக்குக்கு ஊர்க்கோழி மாதிரி இருக்கும். அதன் சதை இறுக்கமாகவும் தோல் மஞ்சளாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும். அது பழுதானதன் அடையாளம் அல்ல.

கோழியைக் கடைசிச் சாமானாக வாங்குங்கள். தனிப் பையில் போடுங்கள், வாழைப்பழத்தோடும் பாணோடும் சேர்க்காதீர்கள். வெயில் காலத்தில் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரமானால், பிறீசருக்குப் பக்கத்தில் விற்கும் தடித்த வெள்ளிப் பை ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது.

வீட்டில் பொதியைத் திறந்ததும்

பிறிட்ஜில் கோழி அடித்தட்டில்தான் இருக்கவேண்டும், ஒரு பாத்திரத்துக்குள். மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் கீழே இருக்கும் தயிருக்கும் பழத்துக்கும் சொட்டும். பல குடும்பங்கள் சேர்ந்து பாவிக்கும் பிறிட்ஜ் அடிக்கடி திறபடுவதால் குளிர் நிற்காது. சில பவுணுக்குப் பிறிட்ஜுக்குள் வைக்கும் வெப்பமானி வாங்கலாம். 5 பாகைக்கு மேல் காட்டினால் அந்தப் பிறிட்ஜில் கோழியை வைக்காமல் வாங்கிய அன்றே சமையுங்கள்.

பொதியைத் திறந்த உடனே ஒரு மணம் வரும். பயந்து குப்பையில் போடாதீர்கள். பொதிக்குள் காற்றை எடுத்துவிட்டு வேறு வாயுக்களை அடைத்திருப்பார்கள். பல நாள் அடைபட்டுக் கிடந்ததால் வரும் மணம் அது. ஐந்து பத்து நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும். போகவில்லை என்றால், புளித்த மணமோ அழுகிய முட்டை மணமோ ரொய்லற் மணம் போன்ற ஒன்றோ நின்றால், அது பழுது. தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருப்பது வழமை. விரலில் பசை மாதிரி, நூல் மாதிரி ஒட்டினால் பழுது. நிறம் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும், சாம்பல் நிறமோ பச்சை நிறமோ படரக்கூடாது. மூன்றில் ஒன்று பிழைத்தாலும் எறிந்துவிடுங்கள். மஞ்சளும் தேசிக்காயும் மிளகாய்த்தூளும் கூடப் போட்டு மணத்தை மறைக்கலாம், கோழியைத் திருத்த முடியாது.

வேறு சில அடையாளங்களைக் கண்டு எம்மவர் வீணாகப் பயப்படுகிறார்கள். நெஞ்சு இறைச்சியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருந்தால் அது கொழுப்பு. காலின் முட்டியில் மண்ணிறத் தழும்பு இருந்தால் அது கோழி படுத்திருந்த குப்பையின் ஈரத்தால் வந்த புண். பார்க்க வடிவில்லை, அந்த இடத்தை வெட்டி எறிந்தால் சரி. பிறீசரில் கிடந்த கோழியில் வெள்ளையாகக் காய்ந்த திட்டு இருந்தால் அது குளிர் உறிஞ்சிய இடம். ருசியிராது, கெடுதியில்லை. சமைத்த பிறகு எலும்பைச் சுற்றிக் கறுப்புச் சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் 'பச்சை இரத்தம்' என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளுவதுண்டு. இந்தக் கோழிகள் ஐந்தாறு கிழமைக் குஞ்சுகள். எலும்பு முற்றவில்லை. உறைந்து உருகும்போது எலும்புக்குள் இருக்கும் நிறம் வெளியே கசிகிறது. கறி அரை மணித்தியாலம் கொதித்திருந்தால் பயமில்லை.

ஐந்தாறு கிழமையில் இவ்வளவு பெரிதா, ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள் என்று ஒரு கதை எல்லாக் கலியாண வீட்டிலும் கேட்கலாம். கோழிக்கு ஹோர்மோன் கொடுப்பது இந்நாட்டில் தடை. வேகமாக வளரும் இனத்தைத் தெரிந்தெடுத்து, தீனியும் வெளிச்சமும் கணக்காகக் கொடுத்து வளர்க்கிறார்கள். அது கோழிக்கு நல்லதா என்பது வேறு விவாதம்.

கழுவுவதா, விடுவதா?

இந்த இடத்தில்தான் அம்மாமாரோடு சண்டை வரும். 2014இல் உணவுத் தர நிறுவனம் பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள் என்று நாடு முழுவதும் சொன்னது. எங்கள் வீட்டில் அதைச் சொன்னபோது, "கழுவாத இறைச்சியை மனிசர் தின்பினமோ?" என்று கேட்டார்கள்.

ஊரில் கழுவியதற்குக் காரணம் இருந்தது. இரத்தம், செட்டை மயிர், நெருப்பில் வாட்டிய சாம்பல், குடல் வெட்டிய அழுக்கு எல்லாம் இருந்தது. கிணற்றடியில் வைத்துக் கழுவினோம், தண்ணீர் வாழைக்குப் போனது. பக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பை இல்லை. இங்கே வருவது துப்புரவாக்கிய கோழி. குழாயைத் திறந்து அதன் மேல் விட்டால், துளிகள் எல்லாப் பக்கமும் அரை மீற்றருக்கு மேல் தெறிக்கும். சிங்கிற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? கழுவிக் கவிழ்த்த கோப்பைகள், பிள்ளையின் பால் போத்தல், பாண். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். கழுவுவதால் கிருமி சாவதில்லை, இடம் மாறுகிறது. மஞ்சளும் உப்பும் தேசிப்புளியும் கூட அதைக் கொல்லும் என்று நம்பமுடியாது.

கழுவாமல் என்ன செய்வது? குசினிக் கடதாசியால் ஒற்றி எடுங்கள். எலும்போரத்தில் உறைந்த இரத்தத்தைக் கத்தி நுனியால் வழித்து விடுங்கள். பிறகு மஞ்சளும் உப்பும் பிரட்டி வையுங்கள். மனம் கேட்காமல் கழுவித்தான் ஆவேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அது நிறுவனம் சொன்னதல்ல, எனது சமாதானம். சிங்கைச் சுற்றி உள்ள எல்லாவற்றையும் முதலில் அகற்றுங்கள். பெரிய சட்டியில் முன்கூட்டியே தண்ணீர் நிரப்பி வைத்து, அதற்குள் மெல்ல இறக்கி எடுங்கள். தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றுங்கள். பிறகு சிங்க், குழாய்ப் பிடி, மேசை எல்லாவற்றையும் சவர்க்காரச் சுடுநீரால் கழுவி, பிளீச் கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

உண்மையில் எங்கள் கறிச்சட்டிக்குள் ஆபத்து மிகக் குறைவு. கொதிக்கும் குழம்பில் அரை மணித்தியாலம் கிடக்கும் துண்டில் எந்தக் கிருமி மிஞ்சும்? ஆபத்து சட்டிக்கு வெளியே இருக்கிறது. கோழி வெட்டிய அதே பலகையில் சலாட்டுக்கு வெங்காயமும் தக்காளியும் வெட்டுகிறோம். கோழி பிரட்டிய கையால் குழாயைத் திறக்கிறோம், பிறிட்ஜ் கதவைத் திறக்கிறோம், தூள்ப் போத்தலைத் தூக்குகிறோம், ரெலிபோனை எடுக்கிறோம். சம்பல் அரைக்கும் கையும் அதுதான். தொழிற்சாலையில் பச்சை இறைச்சிக்கு ஒரு நிறப் பலகை, சமைத்ததற்கு வேறு நிறம். வீட்டில் அவ்வளவு வேண்டாம், இரண்டு பலகை போதும். ஒன்று பச்சை இறைச்சிக்கு மட்டும். பலகையே ஒன்றுதான் என்றால் மரக்கறியையும் சம்பலையும் முதலில் முடித்துவிட்டு, கோழியைக் கடைசியில் வெட்டுங்கள்.

இன்னொரு பழக்கம், தூளும் உப்பும் பிரட்டிய பச்சைக் கோழியின் சாற்றை விரலில் தொட்டு உப்புப் பார்ப்பது. எங்கள் பெண்கள் கைதேர்ந்த சமையற்காரிகள், ஆனால் இதை விட்டுவிடவேண்டும். கொதித்த பிறகு பாருங்கள். உப்புக் குறைந்தால் போடலாம்.

பொரியலும் நெருப்பும் நகெற்றும்

கறியில் வராத பிரச்சினை வேறு சமையலில் வரும். கோடையில் பிறந்தநாளுக்குப் பார்க்கில் கரி மூட்டி முழுத் தொடையை வாட்டும்போது வெளியே கருகும், உள்ளே எலும்போரத்தில் பச்சையாக இருக்கும். வீட்டில் அரைவாசி அவித்துக்கொண்டுபோய் ஆறவிட்டு வாட்டுவதும் ஆபத்து. முற்றாக அவித்துவிட்டு, நெருப்பில் மணத்துக்கு மட்டும் வாட்டுங்கள். தடித்த இடத்தின் நடு 75 பாகைக்கு வந்து 30 விநாடி நிற்கவேண்டும், அல்லது 70 பாகையில் 2 நிமிடம். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி பத்துப் பவுணுக்குள் கிடைக்கும். அது இல்லையென்றால் தடித்த இடத்தை வெட்டிப் பாருங்கள். உள்ளே ஆவி பறக்கவேண்டும், இறைச்சியில் இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது, வடியும் நீர் தெளிவாக இருக்கவேண்டும். வாட்டியதைப் பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே திரும்ப அடுக்காதீர்கள்.

பிள்ளைகள் கேட்கும் நகெற், மாப்பூச்சுப் பூசிய கோழித் துண்டுகள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வெளியே பொன்னிறமாக இருப்பதால் அவித்தது என்று நினைத்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சுடவைத்துக் கொடுக்கிறார்கள். பலவற்றில் உள்ளே இருப்பது பச்சை இறைச்சி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் போலந்திலிருந்து வந்த இப்படியான உறைந்த கோழித் துண்டுகளால் இந்நாட்டில் நூற்றுக்கணக்கானோருக்குச் சல்மொனெல்லா பிடித்தது. அவர்களில் பலர் பிள்ளைகள். பெட்டியின் பின்பக்கம் எத்தனை பாகை, எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். ஆங்கிலம் சரியாக வராதவர்களும் இலக்கத்தை வாசிக்கலாம். அதில் அவனில் வைக்கும்படி எழுதியிருந்தால் மைக்ரோவேவில் வைக்கவேண்டாம்.

உறைந்த கோழியை இரவே பிறிட்ஜின் அடித்தட்டில் வைத்து உருகவிடுங்கள். முழுக்கோழிக்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். காலையில் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் வேண்டாம். உருகியதை 24 மணித்தியாலத்துக்குள் சமையுங்கள், பச்சையாகத் திரும்ப உறையவைக்காதீர்கள். சமைத்த கறியை உறையவைக்கலாம். மிஞ்சிய கறியை இரவு முழுக்க அடுப்பில் விடாமல், ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துப் பிறிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் கொதிக்கச் சுடவைத்துச் சாப்பிட்டு முடியுங்கள்.

வருத்தம் வந்தால்

கம்பிலோபக்ரர் சாப்பிட்ட அன்றே காட்டாது. இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தே வயிற்றோட்டம், வயிற்று முறுக்கு, காய்ச்சல் வரும். அதனால்தான் பலர் நேற்றுச் சாப்பிட்ட கடைச் சாப்பாட்டைத் திட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கோழியை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலானோருக்கு ஒரு கிழமையில் மாறும். மிகச் சிலருக்குப் பின்னர் நரம்பு பாதிக்கப்பட்டுக் கைகால் சோர்ந்துபோவதும் உண்டு. கைக்குழந்தை, கர்ப்பிணிப் பெண், வயோதிபர், சலரோகம் போன்ற வருத்தம் உள்ளவர்கள் காத்திருக்கவேண்டாம். மலத்தில் இரத்தம் போனாலும், பிள்ளை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், அல்லது 111 இலக்கத்துக்கு அடியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் காசில்லை. வயிற்றோட்டம் நின்று 48 மணித்தியாலம் வரை பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பக்கூடாது. சாப்பாட்டுக் கடையிலோ என்னைப்போல் இறைச்சித் தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் மேலாளருக்குச் சொல்லிவிட்டு, அந்த 48 மணித்தியாலமும் வேலைக்குப் போகக்கூடாது. ஒரு நாள் சம்பளம் போகும் என்று மறைத்தால் அந்த வரிசையில் போகும் கோழி எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று யோசியுங்கள்.

கடையில் திகதி போன கோழி விற்றாலோ, வாங்கியது அன்றே நாறினாலோ, பொதியையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு கடையில் காட்டுங்கள், காசைத் திருப்பித் தருவார்கள். தராவிட்டால் உங்கள் கவுன்சிலின் சுகாதாரப் பகுதிக்கு முறைப்பாடு செய்யலாம். 'கேஸ் முடியவில்லை, முறைப்பாடு செய்தால் ஏதும் வருமோ' என்று சிலர் பயந்து பேசாமல் இருக்கிறார்கள். அது கடையைப் பற்றிய முறைப்பாடு, உங்கள் அகதி விண்ணப்பத்தைப் பற்றிய விசாரணை அல்ல. கடையின் பெயர், வாங்கிய நாள், முட்டை வடிவ முத்திரைக்குள் இருக்கும் இலக்கம் இவற்றைக் கொடுத்தால் போதும்.